ஆயில் லைட்டின் மேல் வைத்த பொட்டு

சாமி,

இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். உன் அப்பா காலையில் கூழ் குடித்துவிட்டு மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டப் போயிருக்கிறார். நான் கட்டிலில் உட்கார்ந்து, உன் பழைய அட்லஸ் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். என் தந்தியைப் பார்த்ததும் நீ பயந்திருப்பாய். நம் பக்கத்தில் தந்தி வந்தால் அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். அது தெரிந்தும் கொடுத்தேன். வேறு வழி தோன்றவில்லை. சங்ககிரித் தபால் ஆபீசில் பாரத்தை வாங்கியவர் படித்துப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். 'காரை எடுக்க வேண்டாம். கடிதம் வருகிறது. அம்மா.' இவ்வளவுதான் அதில் இருந்தது. கார்ல என்னுங்க கோளாறு என்று கேட்டார். கோளாறு காரில் மட்டும் இல்லை, என்னிடமும்தான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லாமல் பஸ் ஏறி வந்துவிட்டேன். அதை உனக்குத்தான் சொல்ல வேண்டும்.

இன்று காலை சுமதியிடமிருந்து கடிதம் வந்தது. உனக்குத் தெரியாமல்தான் எழுதியிருக்கிறாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, அது உன் மேல் கோள் சொல்லும் கடிதம் இல்லை. ஆயுத பூஜைக்கு ஓசூரில் உங்கள் வாடகை வீட்டு வாசலிலேயே காரைக் கழுவி மாலை போட்டதையும், நீ பூசணிக்காயை உடைக்கப் போய் எதிர் வீட்டுக்காரர் வேட்டியில் தெறித்ததையும் சிரிக்கச் சிரிக்க எழுதியிருந்தாள். படித்துக்கொண்டே நானும் சிரித்தேன். அப்புறம் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில், மூன்று வரி. காரில் மீட்டருக்குக் கீழே இருக்கிற சிவப்பு லைட்டு, வண்டி சிக்னலில் நிற்கும்போதெல்லாம் மினுக் மினுக்கென்று எரிகிறதாம். கிளம்பினால் அணைந்துவிடுகிறதாம். உன்னைக் கேட்டால், பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்கிறாயாம். அதைப் பார்த்தால் வயிற்றுக்குள் குழந்தை துள்ளுகிற மாதிரி அவளுக்குப் பயமாக இருக்கிறதாம். அதனால் பூஜையன்று சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து அந்த லைட்டின் மேலேயே பொட்டு வைத்து, குங்குமமும் இட்டுவிட்டாளாம். 'இப்போது பயமில்லை அத்தை, ஞாயிற்றுக்கிழமை ஏழாம் மாசக் கட்டுச்சோற்று விருந்துக்கு நிம்மதியாக வருவேன்' என்று முடித்திருக்கிறாள்.

அந்த வரியைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் பருப்பு தீய்ந்து வாசம் வந்த பிறகுதான் எழுந்தேன். ஏழு மாதக் கர்ப்பிணியை உட்கார வைத்துக்கொண்டு நீ தொப்பூர் கணவாய் இறக்கத்தில், முன்னும் பின்னும் லாரிகளுக்கு நடுவே, அந்தக் காரை ஓட்டி வரப்போகிறாய். அந்த லைட்டின் மேல் ஒரு பொட்டு இருக்கிறது. அதே கார், அதே லைட்டு. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அதே இடத்தில் அதே மாதிரி கெட்டியாகச் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தவள் நான்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது ஊருக்கே தெரியும். நீயும் உன் அப்பாவும் என்னைக் கிண்டல் செய்யாத பயணம் உண்டா? காரில் ஏறினால் பிரேக் என் காலடியில்தான் இருக்கிறது என்பார் உன் அப்பா. எதிரே லாரி வந்தால் நான் தரையை அழுத்துவேன், சீட்டைப் பிடித்துக்கொள்வேன், சத்தம் போடாமல் கந்தனைக் கூப்பிடுவேன். அந்தக் காரைத் திருச்செங்கோட்டு மில்காரர் ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கிக்கொண்டு வந்த நாளிலேயே எனக்குப் பிடிக்கவில்லை. மாடு என்றால் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும், இது என்ன நினைக்கிறதென்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். உன் அப்பா சாவியைத் திருகி அந்தச் சின்ன லைட்டுகளைக் காட்டினார். முகத்துக்குப் பதிலாக இதெல்லாம் இருக்கிறது, படிக்கக் கற்றுக்கொள் என்றார்.

அப்படித்தான் நானும் படித்தேன், எட்டாம் வகுப்போடு நிறுத்தியவள். நீ பாக்டரியில் மெஷின்களோடு இருக்கிறவன், எனக்கு நீ சொல்லித்தர வேண்டும். ஆனாலும் சொல்கிறேன், கேட்டுக்கொள். சாவியைத் திருகியதும், இன்ஜின் ஓடுவதற்கு முன்னால், ஆயில் லைட்டு எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் இரண்டு மூன்று எண்ணுவதற்குள் அணைய வேண்டும். அணையாவிட்டால் வண்டியை நகர்த்தவே கூடாது. ஓடும்போது எரிந்தால் எங்கே இருக்கிறாயோ அங்கேயே ஓரம் கட்டி, அணைத்துவிட்டு, ஆயில் பார்க்கும் கம்பியை எடுத்துப் பார்க்க வேண்டும். நின்று ஓடும்போது மட்டும் மினுக்கி, வேகம் எடுத்தால் அணைந்தால், ஆயில் குறைந்திருக்கிறது, இல்லை உள்ளே தேய்ந்திருக்கிறது. அதை நாளைக்கு ஆகட்டும் என்று விடக்கூடாது. பின்னால் நீலமாகப் புகை வந்தால் ஆயிலைக் குடிக்கிறது, கறுப்பாக வந்தால் பெட்ரோலைக் கொட்டுகிறது, சூடேறிய பிறகும் வெள்ளையாக வந்துகொண்டே இருந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. இவையெல்லாவற்றையும்விட மோசமானது ஒன்று உண்டு என்பார் உன் அப்பா. சாவியைத் திருகியதும் லைட்டு எரியவே இல்லை என்றால் அதுதான் மோசம். பல்பு போயிருக்கும். வண்டிக்கு வலி வந்தாலும் அதற்குச் சொல்ல வாய் இருக்காது. இதை அவர் எனக்குச் சொன்னது நான் அந்த வாயை அடைத்த பிறகு.

உனக்கு அப்போது ஆறு வயது. புரட்டாசி பிறந்ததிலிருந்தே அந்த லைட்டு மினுக்கத் தொடங்கியிருந்தது. உன் அப்பா சங்ககிரியில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினார். அவர் இரண்டு தடவை வண்டியை உறுமவிட்டுப் பார்த்துவிட்டு, அது சும்மா எரியுதுங்க, ஸ்விட்ச் கோளாறு, பூஜை முடியட்டும் மாத்திரலாம் என்று சொல்லிவிட்டார். உன் அப்பாவுக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. அதனால்தான் டிக்கியில் ஒரு டின் ஆயில் வாங்கிப் போட்டு வைத்தார். எனக்கோ அந்தச் சிவப்பு, கோபமாக முழிக்கிற கண் மாதிரி இருந்தது. திருச்செங்கோடு மலைக்குப் போய் வந்த அன்று முழு வழியும் நான் ரோட்டையே பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிட முடியவில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காரைக் கழுவுவதற்காக வெளியே தள்ளி நிறுத்தினார். அது நின்ற இடத்தில் மண்ணில் ஒரு முறம் அகலத்துக்குக் கறுப்பாக எண்ணெய்த் திட்டு. பூஜைக்கு வாசல் இப்படி இருக்கலாமா என்று நான் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, மேலே சாணி போட்டு வழித்துக் கோலமும் போட்டுவிட்டேன். உன் அப்பா வந்து பார்க்கும்போது கோலம்தான் இருந்தது. இதில் எனக்குக் குற்ற உணர்வு குறைவு, தெரியாமல் செய்தது. அடுத்தது தெரிந்து செய்தது. மறுநாள் பூஜையில், ஏர், கொத்து, மம்முட்டி, மோட்டார், சைக்கிள் எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு காருக்குள் ஏறினேன். ஸ்டீயரிங்குக்கு ஒன்று, மீட்டருக்கு ஒன்று வைத்தேன். பிறகு அந்த லைட்டு. அதன் மேல் மட்டும் மூன்று விரலால் எடுத்து, ஒரு புளியங்கொட்டை கனத்துக்கு அப்பினேன். நடுவில் குங்குமம். சாமிக்கு வைத்த பொட்டு, இனி இது என்னைப் பார்த்து முழிக்காது என்று நினைத்தேன். பக்தி கொஞ்சம், பயம் மிச்சம். பூஜைப் பொட்டை யாரும் துடைக்கமாட்டார்கள், அதிலும் குங்குமத்தை. துடைத்தால் ஆகாது என்று நம் வீட்டில் யாருக்குத் தெரியாது? அது தெரிந்துதான் அங்கே வைத்தேன்.

பூஜையன்று வண்டியைத் தொடக்கூடாது, அப்படியே நின்றது. விஜயதசமி அன்று விடிகிற நேரத்தில் உனக்கு உடம்பு கொதித்தது. முந்தின நாளே தலைவலி என்றாய், பொரி அதிகம் தின்றதால் என்று நினைத்துக் கஷாயம் கொடுத்துப் படுக்கவைத்திருந்தேன். விடியலில் எழுப்பினால் கழுத்தை அசைக்க முடியவில்லை, கண் ஒரு பக்கமாகச் சொருகியது, கை வெட்டி வெட்டி இழுத்தது. உன் அப்பா உன்னைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டு காரை எடுத்தார். நல்ல நேரம் ஏழரைக்கு மேல். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்கவில்லை. மாலையோடும் வாழைக்கன்றோடும் அப்படியே கிளம்பியது. அவர் மீட்டரைப் பார்த்தாரா என்று கேட்காதே. அவர் உன்னைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

சேலம் போகும் ரோட்டில் வைகுந்தம் ஊரைத் தாண்டும்போது நான் பார்த்தேன். இதை எழுதத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்திருக்கிறேன். இன்னும் சரியாக வெளிச்சம் வரவில்லை. சந்தனம் காய்ந்து ஓரத்தில் மயிரிழை அளவு வெடிப்பு விட்டிருந்தது. அந்த வெடிப்பு வழியாகச் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. லைட்டு எரிந்துகொண்டிருந்தது. சொல்லியிருந்தால் உன் அப்பா அந்த இடத்திலேயே நிறுத்தியிருப்பார். டிக்கியில் டின் இருந்தது. ஊற்றிவிட்டுக் கிளம்ப ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நிறுத்தினால் நேரம் போய்விடும் என்று நினைத்தேன். மெக்கானிக் சும்மா எரிகிறது என்றுதானே சொன்னார் என்று நினைத்தேன். பொட்டை ஏன் அங்கே வைத்தாய் என்று கேட்பாரே என்றும் நினைத்தேன். உன் உயிர் என் மடியில் துடித்துக்கொண்டிருக்கும்போது, திட்டு வாங்குவதற்குப் பயந்தேன். மூன்றில் எது என் வாயைக் கட்டியது என்று இத்தனை வருஷமாகப் பிரித்துப் பார்க்க முயல்கிறேன். முடியவில்லை.

மகுடஞ்சாவடி தாண்டியதும் உள்ளே யாரோ சுத்தியலால் அடிக்கிற மாதிரி சத்தம் வந்தது. தீய்ந்த வாசம் வந்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, இழுத்துப் பிடித்த மாதிரி நின்றுவிட்டது. உன் அப்பா திரும்பத் திரும்பச் சாவியைத் திருகினார், ஒரு முனகல்கூட இல்லை. மற்ற நாளாக இருந்தால் அந்த ரோட்டில் கை காட்டினால் நிற்க நூறு லாரி உண்டு. அன்று ஒன்றுகூட இல்லை. எல்லா லாரியும் பட்டறையிலும் வீட்டு வாசலிலும் பொட்டு வைத்து மாலை போட்டு நல்ல நேரத்துக்காக நின்றுகொண்டிருந்தன. அந்த வெறும் ரோட்டை நான் இன்னும் கனவில் பார்க்கிறேன். உன் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏதாவது வண்டி தேடி ஓடினார். நான் உன்னை மடியில் வைத்துக்கொண்டு தனியாக இருந்தேன். சாவி போட்டபடி இருந்தது. அந்தச் சிவப்புக் கோடும் இருந்தது. சேலைத் தலைப்பால் அந்தப் பொட்டை அழுத்தித் துடைத்தேன். உன் உயிருக்காகத் துடைத்தேன் என்று சொல்ல ஆசை. அதற்காக இல்லை. அவர் வந்து பார்க்கும்போது அது அங்கே இருக்கக்கூடாது என்பதற்காகத் துடைத்தேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ரோட்டோரத்தில் ஒரு வீட்டு வாசலில் நின்ற லாரியை உன் அப்பா பிடித்தார். அதன் டிரைவர் குளித்துவிட்டு, நல்ல நேரத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார். பையனுக்கு இழுக்கிறது என்றதும், "நேரமெல்லாம் பொறவு பாத்துக்கலாங்க" என்று சொல்லி ஏறிவிட்டாராம். பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை நாங்கள். சேலம் ஆஸ்பத்திரியில் மூளைக்காய்ச்சல் என்றார்கள். பதினெட்டு நாள் கழித்து நீ கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாய். வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்து, இடது பக்கமிருந்து கூப்பிட்டால் நீ திரும்பவில்லை என்பதைக் கண்டுபிடித்தோம். காய்ச்சல் உன் காதைக் கொண்டுபோய்விட்டது என்றுதான் உனக்குச் சொல்லி வளர்த்தோம். டாக்டர் சொன்ன இன்னொன்றைச் சொல்லவில்லை. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காதைக் காப்பாற்றியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். உறுதியாகச் சொல்ல முடியாது என்பதைப் பிடித்துக்கொண்டு உன் அப்பா வாழ்ந்தார். முன்பாதியைப் பிடித்துக்கொண்டு நான் வாழ்கிறேன்.

அன்று அவர் லாரியோடு திரும்பி வந்தபோது பொட்டு இல்லை, லைட்டு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. சாவியை எடுக்கக் குனிந்தவர் அதைப் பார்த்துவிட்டார். "இது எப்ப இருந்து புள்ள எரியுது?" என்று கேட்டார். "தெரியலீங்க" என்றேன். அவ்வளவுதான் எங்களுக்குள் அதைப் பற்றி நடந்த பேச்சு. நல்ல நேரம் பார்க்காமல், எலுமிச்சம்பழம் நசுக்காமல் வண்டியை எடுத்ததுதான் காரணம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது. உன் அப்பா அதை ஒத்துக்கொள்ளவில்லை. லைட்டு எரிந்தது, நான் பார்க்கவில்லை, என் கவனக்குறைவு என்று கேட்கிறவரிடமெல்லாம் சொன்னார். உன் காதைப் பற்றி உறவினர் யார் கேட்டாலும் அதையே சொன்னார். நான் பக்கத்தில் நின்று தண்ணீர்ச் சொம்பை நீட்டிக்கொண்டிருப்பேன். உன்னைப் பள்ளிக்கூடத்தில் முன் பெஞ்சில் இடது ஓரத்தில் உட்காரவைக்கச் சொல்லி ஒவ்வொரு வருஷமும் வாத்தியாரிடம் கை கட்டிக்கொண்டு நின்றாரே, நினைவிருக்கிறதா? அந்தக் கட்டிய கை என்னுடையதாக இருந்திருக்க வேண்டும்.

இன்ஜினை இறக்கிச் சரிசெய்து கார் வீட்டுக்கு வந்த பிறகு அவர் ஒரு பழக்கம் கொண்டுவந்தார். நீ சிரிப்பாயே, அப்பாவும் அம்மாவும் மந்திரம் சொல்கிறார்கள் என்று, அதுதான். சாவியைத் திருகிவிட்டு "எரியுதா?" என்று என்னைக் கேட்பார். "எரியுதுங்க" என்று நான் சொல்ல வேண்டும். ஸ்டார்ட் செய்துவிட்டு "அணைஞ்சுதா?" என்பார். "அணைஞ்சுதுங்க" என்ற பிறகுதான் கியரைப் போடுவார். தன் கண்ணை நம்பாமல் என்னைக் கேட்கிறார் என்று நினைத்து நெஞ்சு வலிக்கும். எனக்குத் தெரிந்ததை என் வாயாலேயே சொல்ல வைக்கப் பார்க்கிறாரோ என்றும் நினைப்பேன். அடுத்த வருஷம் ஆயுத பூஜையில் நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கார்க் கதவைத் திறந்தேன். அவர் வந்து கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "உள்ள நான் வெச்சுக்கறேன். நீ டயருக்கு வெய்யி" என்றார். கோபம் இல்லை, குரல்கூட மாறவில்லை. ஸ்டீயரிங் நடுவில் மட்டும் சின்னதாக ஒன்று வைத்தார். அதிலிருந்து கார் உன்னிடம் வரும்வரை ஒரு வருஷம்கூட என்னை உள்ளே வைக்கவிடவில்லை. தெரிந்துதான் செய்தாரா, சேலைத் தலைப்பில் மஞ்சளாகக் கறை இருந்ததைப் பார்த்தாரா, இல்லை சும்மாதான் வாங்கினாரா, எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம். அவருக்குத் தெரியும் என்றால், தெரிந்துகொண்டே அத்தனை பேரிடமும் என் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார் என்று ஆகும். அதை என்னால் தாங்க முடியாது. தெரியாது என்றால், பத்தொன்பது வருஷம் ஒரு மனுஷனை இல்லாத குற்றத்துக்குத் தலை குனிய வைத்திருக்கிறேன். அதையும் தாங்க முடியாது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ கடிதத்தை இந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போ. ஒரு துணியை நனைத்துக்கொண்டு போய் அந்தப் பொட்டைத் துடைத்துவிட்டு வந்து மீதியைப் படி. ஆகாது, அது இது என்று சுமதி தடுத்தால், அத்தை துடைக்கச் சொன்னாங்க, பாவமெல்லாம் அத்தைக்கு என்று சொல். உன் வண்டியில் உள்ளே தட்டுகிற சத்தம் வந்தால் உனக்கு ஒரு காதில்தான் கேட்கும், அதிலும் உன் வலது காது ஜன்னல் பக்கம் இருக்கிறது, லாரி இரைச்சல் பூராவும் அதில்தான் விழும். சுமதி உட்காருகிற இடம் உன் இடது பக்கம். அவள் வலி என்று முனகினாலும், ஏனுங்க நிறுத்துங்க என்று சொன்னாலும், உனக்குக் கேட்காது. இதை நீ யோசித்திருக்கிறாயா? எனக்கு இன்று பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. உனக்கு அந்தக் காரில் கேட்பதற்கு எதுவும் இல்லை, சாமி. பார்ப்பதற்கு அந்த ஒரு லைட்டுதான் இருக்கிறது. அதை நீ பழைய வண்டி அப்படித்தான் என்று தள்ளுகிறாய், அவள் பொட்டு வைத்து மறைக்கிறாள். நீ தைரியத்தால் பார்க்கவில்லை, அவள் பயத்தால் பார்க்கவில்லை. லைட்டுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வாருங்கள். குலுங்கும் என்று நினைத்தால் விருந்தைத் தள்ளிப் போடலாம், சம்பந்தி வீட்டில் நான் பேசிக்கொள்கிறேன், ஒன்பது விதச் சோறும் கிளறிக் கூடையில் கட்டிக்கொண்டு நாங்களே ஓசூருக்கு வந்தாலும் வருவோம். காரைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டு, ஸ்விட்ச் என்று சொன்னால் ஸ்விட்சைக் கழற்றி மாற்றிக் காட்டச் சொல், பிறகும் மினுக்கினால் உள்ளே திறந்து பார்க்கச் சொல். அது சரியாகும்வரை அவளை அதில் ஏற்றாதே. சரியான பிறகு, நாங்கள் செய்ததை நீங்களும் செய்யுங்கள். எரியுதா என்று கேள். அவள் பதில் சொல்லும்போது முகத்தை அவள் பக்கம் முழுசாகத் திருப்பி, நல்ல காதைக் கொடுத்துக் கேள். இன்னொன்று, அவள் பயப்படுகிறாள் என்று கிண்டல் செய்யாதே. உன் அப்பா என்னைக் கிண்டல் செய்தது அன்பில்தான், நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் வைகுந்தம் தாண்டும்போது என் வாய் திறக்காததில் அந்தச் சிரிப்புக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. மறுபடியும் பயந்தாங்கொள்ளி என்பார்களே என்று அன்றும் ஒரு கணம் நினைத்தேன். பயப்படுகிறவள் சொல்வதில் பத்தில் ஒன்பது வீணாக இருக்கலாம். பத்தையும் கேள்.

உன் காதை நான் எடுத்தேனா, காய்ச்சல் எடுத்ததா என்று எனக்குத் தெரியாது. மன்னித்துவிடு என்று எழுதப்போனேன், பேனா நகரவில்லை. நீ கோபப்பட வேண்டும் என்றால் கோபப்படு. வந்து முகத்துக்கு நேராகக் கேள். நான் உன் வலது பக்கம் உட்கார்ந்து பதில் சொல்கிறேன்.

வெயில் இறங்கிவிட்டது. உன் அப்பா வருகிற நேரம். நாளைக் காலையில் அவர் உரம் வாங்கச் சங்ககிரிக்குப் போகிறார். இந்தக் கடிதத்தை அவரிடம்தான் தபாலில் போடக் கொடுக்கப்போகிறேன். கவரை ஒட்டாமல் கொடுக்கப்போகிறேன். படிச்சுப் பாத்துட்டு ஒட்டிப் போடுங்க என்று சொல்ல வேண்டும். அந்த நாலு வார்த்தையை மத்தியானத்திலிருந்து வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்கிறது. அவர் படித்துவிட்டு என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் ஒன்றும் சொல்லமாட்டார், மஞ்சளுக்கு மருந்து அடிக்க வேண்டும் என்று ஏதாவது பேசுவார். அதனால் நீதான் எனக்கு எழுத வேண்டும். பொட்டைத் துடைத்துவிட்டாய் என்று முதல் வரி. இரண்டாவது வரியில், கவர் எப்படி வந்து சேர்ந்தது, ஒட்டியிருந்ததா என்று எழுது.

அம்மா